மாற்று ஆள் வரும்வரை

வெளிச்சம் போனபோது நான் இயந்திரத்துக்குள் இருந்தேன். மின்நிலையத்தின் அடித்தளத்தில், குனிந்து நுழைய வேண்டிய சின்ன இரும்புக் கதவுக்கு உள்ளே ஒரு வட்டக் குழி. அதன் நடுவே மேலிருந்து கீழே இறங்கும் எஃகுத் தண்டு, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தால்கூட எட்டாத பருமன். ஆற்றுத் தண்ணீர் கீழே சக்கரத்தைத் தள்ள, இந்தத் தண்டு சுழன்றுதான் மேலே மின்சாரம் வரும். அன்று அது நின்றிருந்தது. தண்டைச் சுற்றி, தண்ணீர் வரும் வழியைத் திறந்து மூடும் இரும்பு நெம்புகளில் ஒன்றின் ஆணி முறிந்துபோனதால், அதை மாற்ற நானும் என்னோடு வேலை செய்யும் இன்னொருவனும் இறங்கியிருந்தோம். புது ஆணியை இறுக்கி முடித்த நேரம் திடீரென்று விளக்கு அணைந்தது. பக்கத்து இயந்திரத்தின் இரைச்சலும் மெல்ல மெல்ல இறங்கி அடங்கிப்போனது. அந்த நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருநாளும் நிற்காத சத்தம் அது. அது நின்ற பிறகுதான் சுவருக்கு வெளியே ஆறு ஓடுவது கேட்டது.

“நீ இங்கயே இரு. நான் ஸ்டோருக்குப் போய் டோர்ச் எடுத்துக்கிட்டு வாறேன்” என்று சொல்லிவிட்டுக் கூட்டாளி தடவித் தடவி வெளியே போனான். நான் தண்டில் தோளைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு நெம்புகளுக்கு இடையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். எண்ணெய் வாடையும் குளிர்ந்த இரும்பும்தான் துணை. எனக்குப் பயமே இல்லை. நாடு முழுவதும் மின்சாரம் நின்றுவிட்டதும், என் தலைக்கு மேலே கட்டுப்பாட்டு அறையில் அந்த நேரம் நடந்துகொண்டிருந்ததும் எனக்குத் தெரியாது.

அந்த அறையில் அன்று பொறுப்பில் இருந்தவர் என் மச்சான், அக்காவின் கணவர். பல வருடங்களாக நான் அவரோடு வேலையைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதற்குக் காரணம் அப்பாவின் சாவு. நாங்கள் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். அப்பா இறந்தது அடைமழைக் காலம். அக்கா முதல் நாளே பிள்ளைகளோடு வந்துவிட்டாள். மச்சான் வேலை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தார். இருக்கிற ஒரே மருமகன் அவர்தான். வாசலில் தப்பு அடிக்க, தோட்டத்து லய வீடுகளின் சனம் முழுக்கக் குடையோடு நிற்க, எல்லோரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரிடமிருந்து வந்தது ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும்தான். மண்மேடு சரிந்து பாதை அடைபட்டு, அவருக்குப் பிறகு வேலைக்கு வரவேண்டியவர் வந்து சேரவில்லை. மாற்று ஆள் வந்து பொறுப்பெடுக்கும்வரை அறையை விட்டு இறங்க முடியாது. இதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மருமகன் தோள் கொடுக்காமலே பாடை கிளம்பியது.

மறுநாள் காலை, எப்போதும்போல மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து நின்றார். அம்மா எழுந்திருக்கவில்லை.

“மாத்து ஆள் வரலைங்க அத்தை” என்றார் மச்சான்.

“கரண்டு வேல பாக்குறவங்கெல்லாம் சாவுக்குப் போகாமயா இருக்காங்க? இனிமே இந்த வாசலுக்கு வராதீங்க” என்றாள் அம்மா.

அவர் வந்த வழியே திரும்பி நடந்தார். நின்று இன்னும் ஏதாவது சொல்லியிருந்தால் கொஞ்சம் மன்னித்திருப்போமோ என்னவோ. மச்சான் அப்படிப்பட்ட ஆள்தான். வேலையைப் பற்றிக் கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் வரும். சிரிப்பு குறைவு. தோட்டத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர் என்ற மிதப்பு அவருக்கு இருப்பதாக நாங்கள் முடிவுகட்டியிருந்தோம். பிற்பாடு பரீட்சை எழுதி நானும் அதே நிலையத்துக்கு ஃபிட்டராகப் போனபோது, அம்மா சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான்: “அவரு மொகத்துல முழிக்காத.”

முழிக்காமல் இருக்க முடியாது. ஏதாவது ஓர் இயந்திரத்தில் கைவைக்க வேண்டுமென்றால் முதலில் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகவேண்டும். அந்த அறைச் சுவரில் பொறுப்பாளருக்கான நிலையான விதிகள் மூன்று மொழியிலும் கண்ணாடிக்குள் தொங்கும். களைப்போடோ நோயோடோ பொறுப்பை ஏற்கக்கூடாது. முன்னவர் சொல்வதை முழுதாகக் கேட்டுப் புரிந்துகொள்ளாமல் ஏற்கக்கூடாது. வரும் கட்டளையைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யாமல் எந்த விசையையும் தொடக்கூடாது. மாற்று ஆள் இல்லாமல் இடத்தை விட்டு நகரக்கூடாது. ஓர் இயந்திரத்துக்குள் ஆள் இறங்கினால் அதன் விசையில் சிவப்பு அட்டை தொங்கும். இறங்கியவர்கள் ஒருவர் தவறாமல் நேரில் வந்து நின்றால் ஒழிய அந்த அட்டையை எவரும் எடுக்கக்கூடாது. பயிற்சிக் காலத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர், அணுமின் நிலையங்களிலும் அடிப்படை இதுதான் என்று சொல்லியிருந்தார். கட்டுப்பாட்டுப் பலகைக்கு முன்னால் இருப்பவன் பதவியில் சின்னவனாக இருக்கலாம், ஆனால் அவன் கையை மீறி எவரும் விசையைத் தொட முடியாது. கேட்டுக்கொண்டு கொட்டாவி விட்டோம். எழுதி வைப்பார்கள், நடக்கிறது வேறு என்பதுதான் அன்றைக்கு எங்கள் நினைப்பு.

மேலே நடந்ததை மச்சானின் உதவியாளர் பிறகு எனக்குச் சொன்னார். கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களப் பையன். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

வெளியே நல்ல வெயில். அறையில் மட்டும் பற்றரி விளக்குகள் எரிந்திருக்கின்றன. நாடு இருண்டால் முதலில் எழுப்பப்படுவது எங்களைப் போன்ற நீர்மின் நிலையங்கள்தான். நின்றுபோன பக்கத்து இயந்திரம் திரும்ப ஓட மறுத்திருக்கிறது. மிச்சம் இருந்தது நான் உட்கார்ந்திருந்த இயந்திரம். கொழும்பிலிருந்து நேரடித் தொலைபேசி விடாமல் அடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் ஜெனரேட்டர் எவ்வளவு நேரம் தாங்குமோ தெரியாது, உடனே ஓட்டுங்கள் என்று. அந்த நேரம் எங்கள் இன்ஜினியர், சிங்களத்தில் ‘மாத்தயா’ என்று நாங்கள் மரியாதையாக அழைப்பவர், மூச்சிரைக்க ஓடி வந்தார். நல்ல மனிதர். கடும் நெருக்கடியில் இருந்தார். என் கூட்டாளி கேட்டைத் தாண்டி ஸ்டோருக்குப் போவதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். வேலையை முடித்துவிட்டு இருவருமே வெளியேறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

“ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். நானே பார்த்தேன். அட்டையை எடுங்கள்” என்றார் சிங்களத்தில்.

“எத்தனை பேரைப் பார்த்தீர்கள்?” என்று மச்சானும் சிங்களத்தில் கேட்டார்.

“ஒருவனைப் பார்த்தேன். மற்றவன் முன்னாலேயே போயிருப்பான்.”

“இரண்டு பேர் இறங்கினார்கள், சேர். இரண்டு பேரும் இங்கே வர வேண்டும்.”

“நாடே இருட்டில் கிடக்கிறது! பொறுப்பை நான் ஏற்கிறேன்.”

“இந்த நேரத்தில் அதை உங்களுக்குத் தர எனக்கு அனுமதி இல்லை, சேர். நான் பலகையை விட்டு நகர முடியாது, என் உதவியாளரும் அடுத்த இயந்திரத்தை விட முடியாது. நீங்களே ஒரு தடவை கீழே போய்ப் பார்த்துவிட்டு வருகிறீர்களா?”

குரலை உயர்த்தவே இல்லையாம். தொலைபேசியில் கொழும்புக்கும் இதையே நிதானமாகச் சொல்லிவிட்டு, சிவப்பு அட்டைக்குப் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாராம்.

கீழே இருட்டில் எனக்குத் தெரிந்தது கதவில் விழுந்த ஒரு வெளிச்சம். கூட்டாளிதான் என்று நினைத்து, “என்னடா இவ்வளவு நேரம்?” என்றேன். வெளிச்சம் என் முகத்திலிருந்து தோளுக்கும், தோள் சாய்ந்திருந்த தண்டுக்கும், நெம்புகளுக்கு இடையில் நீட்டியிருந்த என் காலுக்கும் போய் அங்கேயே நின்றது. பிறகு இன்ஜினியர் மாத்தயாவின் முகத்தைப் பார்த்தேன். அப்படி வெளிறிப்போன முகத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். படியேறி மேலே போகும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

அறைக்குள் நுழைந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. மச்சான் என்னைப் பார்த்தார். ஓடி வந்து தோளைத் தொடுவார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இதுதான்:

“உள்ள சாமான் எதையும் விட்டுட்டு வந்தீங்களா?”

“ஸ்பேனர் ரெண்டு கெடக்குதுங்க.”

“போய் எடுத்துக்கிட்டு வாங்க. மத்த ஆள் எங்க?”

“ஸ்டோருக்குப் போயிருக்கான்.”

“அவரும் வரணும்.”

தொலைபேசி மறுபடி அலறியது. மைத்துனன் உயிரோடு கண்ணெதிரே நிற்கிறான், உள்ளே இனி எவரும் இல்லை என்று இன்ஜினியர் மாத்தயாவே பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அப்போதும் அந்த அட்டை இறங்கவில்லை. நான் ஸ்பேனர்களோடு திரும்பி வந்து நின்றேன். இந்தத் தடவை இன்ஜினியர் மாத்தயா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவரே ஜன்னலைத் திறந்து, கேட்டில் நின்ற காவலாளியைப் பார்த்து, “அவனை ஓடி வரச் சொல்!” என்று கத்தினார். கூட்டாளி ஒரு கையில் டோர்ச்சும் மறு கையில் கடித்த மீன் பணிசுமாக வந்து, எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு மிரண்டு நின்றான். மச்சான் அவனையும் அதே கேள்விகளைக் கேட்டார், எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். அதற்குப் பிறகே அட்டையை எடுத்தார். கொழும்பின் கட்டளையைத் திருப்பிச் சொன்னார். விசையைத் திருப்பினார்.

முதலில் ஒன்றும் நடக்காததுபோல இருந்தது. பிறகு சப்பாத்துக்குக் கீழே தரை மெல்ல அதிர்ந்தது. மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி வந்து மோதும் அதிர்வு. அது பாதத்திலிருந்து முழங்காலுக்கும், முழங்காலிலிருந்து நெஞ்சுக்கும் ஏறியது. கொஞ்ச நேரத்துக்கு முன் நான் தோள் சாய்த்திருந்த தண்டு கீழே இப்போது கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. நான் காலை நீட்டியிருந்த இடத்தில் நெம்புகள் அசைந்து தண்ணீர் வழியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. பலகையில் முள்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில், எங்கோ ஒரு வீட்டில் விளக்கு வந்திருக்கும். மச்சான் அந்த முள்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய ஆற்றின் பலத்தை, இவ்வளவு பேரின் அவசரத்தை, ஒரு மனிதன் வெறுமனே கையைக் கட்டிக்கொண்டு நிறுத்தி வைத்திருந்ததை எண்ணி நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“மச்சான்” என்றேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வந்த சொல்.

“பெறகு பேசுவோம். இப்ப நான் டியூட்டியில இருக்கேன்” என்றார், திரும்பாமல்.

இப்போது நான் வேறொரு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மச்சான் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறார். அப்பாவைத் தூக்கிய நாளை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கத்தான் செய்கிறது. அன்றைக்குப் பலகையை விட்டு வந்திருக்கக்கூடியவராக இருந்தால், பிறகொரு நாள் என் அட்டையையும் எடுத்திருக்கக்கூடியவராக இருந்திருப்பார் என்பதும் தெரிகிறது. இரண்டும் ஒரே ஆள்தான்.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த விடுமுறையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், “அந்த இன்னொரு பையன் வந்த பெறகுதான் மெசினப் போட்டாரா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். மறுநாள் விடியக் கோழி அடித்துக் குழம்பு வைத்து, ரொட்டி சுட்டு, என்னோடு பஸ் ஏறிவிட்டாள். அக்காவின் குவாட்டர்ஸுக்குக்கூடப் போகாமல் நேரே நிலையத்துக் கேட்டுக்கு வந்தாள். காவலாளி மேலே பேசிவிட்டு, மாற்று ஆள் இன்னும் வரவில்லை, ஐயா இறங்க நேரமாகும், சாப்பாட்டைக் கொடுத்தால் அனுப்பிவிடுகிறேன் என்றார். அம்மா கொடுக்கவில்லை. காவலாளியின் வாங்குப் பலகையில் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மழை தூறத் தொடங்கியது. அக்கா வீட்டில் போய் இருக்கலாம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

“இல்லப்பா. அவரு வரட்டும்” என்றவள், பாத்திரத்தில் விழுந்த தூறலைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். “அன்னைக்கு நம்மதான் பொணத்த இன்னுங் கொஞ்ச நேரம் வச்சிருந்திருக்கலாம்” என்றாள்.

மச்சான் வெளியே வந்தபோது தூறல் விட்டிருந்தது. அம்மாவைக் கண்டதும் கேட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டார். அம்மா எழுந்து பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள்.

“கை கழுவிட்டு வாங்க மருமகனே” என்றாள்.

மச்சான் குழாயடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினார்.