பதினொன்றாம் அறைக் கதவு

மொயீஸ் அண்ணன் தரையில் உட்கார்ந்து, வெண்ணெய்க் கத்தியால் கதவுக் கீலின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். வயது எண்பத்திரண்டு. இடுப்பெலும்பு முறிந்து தேறியவர், தரையில் உட்காரவே கூடாது. இந்த முதியோர் இல்லத்தில் அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இருவருக்கும் ஒரே ஊர், கனடாப் பழங்குடியான க்ரீ மக்களின் ஊர். அங்கே அவர் வீட்டில் உள்கதவே கிடையாது, கம்பளிதான் தொங்கும்.

இங்கே தீ விதிப்படி அறைக்கதவு மூடியிருக்க வேண்டும். விட்டால் தானாகவே மூடிக்கொள்ளும். மூன்றாம் முறை கழற்றினால் பூட்டிய வார்டுக்கு மாற்றம்தான் என்று மேலாளர் டயான் எழுதியே கொடுத்திருந்தார். இது மூன்றாம் முறை.

"கத்தியைக் குடுங்கண்ணே. எனக்கு ரொட்டிக்கு வேணும்."

"ரெண்டு ஆணிதான் பாக்கி. பொறு தங்கச்சி."

தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தேன். உள்ளங்கை ஈரம், நாடி நூற்றிருபது. அவரே சொன்னார். ஏழு வயதில், பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்த விடுதிப் பள்ளியில், தாய்மொழி க்ரீ பேசியதற்காக பூட்ஸ் வைக்கும் அறையில் அடைத்தார்களாம்.

"சாயங்காலம் வரைக்கும்னாங்க. ரெண்டு நாள் ஆயிடுச்சு. அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. மறந்துட்டாங்க."

டயானிடம் போனேன். கதவுக்குக் காந்தம் வைத்தால் திறந்தே நிற்கும், தீமணி அடித்தால் மட்டும் மூடும் என்றேன். விண்ணப்பித்து வர ஆறு வாரம், அதுவரை பூட்டிய வார்டு, நாளை மதியமே என்றார். கெட்டவர் இல்லை. விடுதிப் பள்ளிப் பிள்ளைகளின் நினைவு நாள் மறுநாள். அதற்கான ஆரஞ்சுச் சட்டைகளை மேசையில் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அன்றைய கூட்டத்தில் மொயீஸ் அண்ணன் நாலு வார்த்தை பேசுவாரா என்றும் கேட்டார்.

அண்ணனிடம் சொன்னேன்.

"பேசறேன். பேசி முடிச்சதும் பூட்டுவாங்களா, இல்ல சாப்பாடு போட்டுட்டா?"

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரைக் கட்டிலோடு பொதுக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இல்லத்தில் கதவே இல்லாத இடம் அது ஒன்றுதான். ஜன்னலோரம் நிறுத்தி, இரண்டு போர்வைகளைத் திரையாகக் கட்டினேன். 'காந்தம் வரும்வரை இங்கே' என்று பதிவேட்டில் எழுதி, என் பெயரைப் போட்டேன்.

சட்டைகளோடு வந்த டயான் பதிவேட்டைப் படித்தார். திரையைப் பார்த்தார்.

"அடேல், கூட்டம் இங்கதானே. நாற்காலியெல்லாம் எங்க போடறது?"

"வெளியில போடலாம். வெயில் இருக்கு" என்று இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.