தேவகனி வாங்கிய ரசீது

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பூதப்பாண்டியில் ஏசி மண்டபம் கட்டினேன். கல்யாணம், சடங்கு எல்லாம் நடந்த அந்த மண்டபத்தில் போன ஆவணியில் போலீஸ்காரர்களுக்கு ஒழுக்கப் பயிற்சியும் நடந்தது. அறுபது பேர், இரண்டு நாள். அதில் ஜெயித்தது அங்கே தரை துடைத்த தேவகனி. வேலை கொடுத்தது நான்தான்.

கீரிப்பாறைப் பக்கம் அவளுக்கு அரை ஏக்கர் ரப்பர். பாலை உறையவைத்து, உருளை மெஷினில் ஷீட் அடித்து விற்றுத் தனியாளாகப் பிழைத்தாள். ஆடிக் கடைசியில் அந்த மெஷினை யாரோ திருடிவிட்டார்கள். ஒரே வாரத்தில் அவளே கண்டுபிடித்தாள். அனில்குமாரின் ஆக்கர்கடையில், பழைய இரும்புக் குவியலின் உச்சியில் கிடந்தது.

"உங்களுக்க மெஷின்தான் அக்கா. போலீஸ் ரசீது கொண்டு வந்தா எடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா மாசக் கடைசியில லாரியில ஏத்திருவேன்" என்றான் அவன்.

வயிற்றுப்பாட்டுக்கு என் மண்டபத்தில் தரை துடைத்துக்கொண்டே ஏழு தடவை ஸ்டேஷனுக்கு நடந்தாள். எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன்; நானும் இங்கேதான் பிழைக்க வேண்டும். ஏட்டு ரசலையன் ஏழு தடவையும் ஒன்றையே சொன்னார்: "எங்க கெடக்குன்னு தெரியும்லா? பொறவு என்னத்துக்குப் புகாரு?"

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் பயிற்சி. சென்னையிலிருந்து வந்த மேடம், புகார் கொடுக்க வருபவரை எப்படி நடத்துவது என்று செய்துகாட்டச் சொன்னார். ரசலையனை எழுப்பிவிட்டார்கள். புகார்காரராக நடிக்க ஆள் இல்லை. வாளியோடு நின்ற தேவகனியை முன்னால் தள்ளியது நான். "சும்மா எதாவது சொல்லுட்டி" என்றேன்.

"வாங்கம்மா, இருங்க. தண்ணி குடிக்கியளா?" என்றார் ரசலையன்.

"என்னையா சாரே?" என்றாள். சபை சிரித்தது.

பிறகு மெஷின், தேதி, கடை எல்லாவற்றையும் சொன்னாள். ரசலையன் அன்றுதான் கேள்விப்படுகிறவர் போல 'உச்' கொட்டி எழுதினார். மேடம் பார்த்துக்கொண்டிருந்ததால், மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த ஸ்டேஷன் புத்தகத்திலேயே ரசீது எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார். கைதட்டல் அடங்குவதற்குள் தேவகனி ரசீதை முந்தானையில் முடிந்து வாசலை எட்டிவிட்டாள்.

"ஏட்டி! அது டிரெய்னிங்குக்கு உள்ளது. இங்க தா!" என்று கத்தினார் ரசலையன்.

அம்மாவாக இருந்தவள் ஒரு நிமிடத்தில் ஏட்டியாகிவிட்டாள்.

"அப்போ சாருக்க கையெழுத்து பொய்யா?" என்றாள்.

மேடம் பேனாவை மூடாமல் ரசலையனைப் பார்த்தார்.

"நெசந்தான்" என்றார் ஏட்டு.

என் வண்டியைத்தான் அனுப்பினேன். முத்திரையைப் பார்த்ததும் அனில்குமாரே ஒரு பக்கம் தூக்கிக் கொடுத்தானாம். ரசலையனுக்குப் பயிற்சியில் சிறந்தவர் என்று கேடயம் கிடைத்தது. யாரைக் கேட்டு ரசீது கொடுத்தாய் என்று அதே வாரம் மெமோவும் கிடைத்தது.

தேவகனி இப்போது ஷீட் அடிக்கிறாள், மண்டபத்துக்கு வருவதில்லை. அடுத்த பயிற்சி என்று கேள்விப்பட்டு, தரை துடைக்க வேலை கேட்டுப் பதினோரு பேர் என் வாசலில் நின்றார்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். எல்லார் மடியிலும் மனு.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "அண்ணாச்சி, இந்தத் தடவ தரைய எங்க ஆளுவளே துடச்சுக்கிடுவாவ."