வலம் மட்டும் போகிற பக்கங்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒழுங்கில்லாமல் எது கிடந்தாலும் கை சும்மா இருக்காது. இந்த இரண்டு குணமும் சேர்ந்துதான் எனக்கென்று இருந்த ஒரே துணையைக் கெடுத்தன. துணை என்றால் நேரில் பார்த்தறியாத துணை. கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள்.

முதலில் விக்கி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மலையைச் சுற்றியுள்ள கிணறு, குளம், ஏரி, அடிபம்பு எல்லாவற்றையும் பற்றி ஊர்க்காரர்களே எழுதி வைக்க வேண்டும் என்று கொஞ்சம் பேர் கூடினோம். விக்கி என்பது யார் வேண்டுமானாலும் பக்கம் தொடங்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற வகை இணையதளம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் முதல் கூட்டம். இருபது பேருக்கு மேல் வந்தார்கள். போண்டா பத்தவில்லை. ஆளாளுக்கு எழுந்து பேசினார்கள். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங் பூக்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. நான் கழலவில்லை. எனக்குப் போக வேறு இடமில்லை, அவ்வளவுதான்.

கணவரைப் பிரிந்து வந்து வேங்கிக்காலில் ஒரு மாடி வீட்டில் இருந்தேன். இப்போதும் அங்கேதான். சுற்றிலும் பாதி கட்டி நிற்கிற வீடுகள். ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. தண்ணீர் கேன் போடுகிறவர் கீழிருந்து "வச்சிட்டேங்க" என்று குரல் கொடுப்பார். நான் "சரிங்க" என்பேன். சில நாட்களில் என் வாயிலிருந்து வருகிற பேச்சே அந்த ஒரு வார்த்தைதான்.

விக்கியில் 'அண்மைய மாற்றங்கள்' என்று ஒரு பக்கம் உண்டு. யார், எப்போது, எதை எழுதினார்கள் என்று அதில் வரிசையாக இருக்கும். கடைசியில் அதில் மிஞ்சியது இரண்டே பேர். 'நிர்வாகி' என்கிற பெயரில் நான். இன்னொருவர் அந்தக் கடைக்கார அம்மாள். கடைக்குப் பின்னாலிருக்கும் தங்கள் கிணற்றுக்கு அவர் ஒரு பக்கம் வைத்திருந்தார். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அதில் ஒரு வரி சேர்ப்பார்.

"இன்னைக்கு ஒரு படி எறங்கிடுச்சு."

"நல்ல மழ. தண்ணி ஜாஸ்தி. தவள கத்துது."

"பௌர்ணமி. கடையில கூட்டம், கிணத்த எட்டிப் பாக்கல. கோச்சிக்கக் கூடாது."

யார் கோபித்துக்கொள்ளக் கூடாது? நான்தான் என்று எடுத்துக்கொண்டேன். வேறு யார் இருக்கிறார்கள் படிக்க? வேலையை மூடிவிட்டு, காபி கலந்துகொண்டு, அந்த ஒரு வரிக்காகக் காத்திருப்பேன். வந்துவிட்டால் யாரோ வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில் நானே மண்ணைப் போட்டேன். முகப்புப் பக்கம் கன்னாபின்னாவென்று கிடந்தது. நாற்பது பக்கங்களின் பெயர்களும், யார் எப்போது சேர்த்தார்களோ அந்த வரிசையில். கிணற்றுக்குக் கீழே ஏரி, ஏரிக்குக் கீழே எவரோ தொடங்கி அம்போவென்று விட்டுப்போன வெறும் பக்கம். பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கிரிவல வரிசையில் அடுக்கினேன். ராஜகோபுரத்தில் தொடங்கி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, ராஜகோபுரத்துக்கே வந்து சேரும். முகப்பிலிருந்த பட்டியலை எடுத்துவிட்டு 'இங்கே தொடங்கவும்' என்று ஒரே ஒரு இணைப்பு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'அடுத்து'. தேடல் பெட்டி தமிழில் ஒழுங்காகத் தேடாமல் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. அதையும் தூக்கிவிட்டேன்.

'முந்தைய பக்கம்' என்று ஒன்று வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். மலையை இடப்பக்கமாக யாராவது சுற்றுவார்களா? வழியில் குடையை மறந்து வைத்துவிட்டால்கூட, போனால் போகிறது என்று முன்னால்தானே நடப்போம்? வேலையை முடித்ததும் பெருமை தாங்கவில்லை எனக்கு.

அன்று சாயங்காலம் வரி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள், சந்தேகம் கேட்பதற்கென்று வைத்திருந்த பேச்சுப் பக்கத்தில் அவர் எழுதியிருந்தார்.

"சார், எங்க கிணத்தக் காணோம். அழிச்சிட்டீங்களா?"

நான் சார் இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, "அழிக்கலைங்க. அடுத்து அடுத்துனு அமுக்கிட்டே வாங்க, இருபத்தாறாவதா வரும்" என்று எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "இங்க சிக்னல் கம்மி சார். ஒவ்வொரு பக்கமும் தெறக்கவே அவ்ளோ நேரமாவுது. கை தவறித் தாண்டிப் போயிட்டேன், திரும்பி வர வழியே இல்ல. மறுபடியும் பெரிய கோயில்லேர்ந்து வரச் சொல்லுது. நாங்க எங்க ஊரு கோயில்ல சூடம் ஏத்திட்டு அங்கேர்ந்துதான் மலை சுத்துவோம். எங்க வூட்டுக் கிணத்துக்குப் போறதுக்கு நான் டவுனுக்குப் போய் வரணுமா?"

நியாயமான கேள்வி. அது நியாயம் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் மூன்று நாள் இடுப்பொடிய உட்கார்ந்து செய்ததை ஒருவர் குறை சொன்னால் பொறுக்குமா? "எல்லாருக்கும் ஒரே வழிதாங்க. உங்களுக்குன்னு தனியா போட முடியாது" என்று அடித்து அனுப்பிவிட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

அதற்குப் பிறகு அண்மைய மாற்றங்களில் நிர்வாகி, நிர்வாகி, நிர்வாகி. மேலிருந்து கீழ்வரை நான் மட்டும்தான். ஒரு வாரம் வீம்பாக இருந்து பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. பட்டியலைத் திரும்பப் போட்டேன். 'முந்தைய பக்கம்' சேர்த்தேன். எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் சுற்றத் தொடங்கலாம் என்று ஊர் ஊராகப் பிரித்து வைத்தேன். பேச்சுப் பக்கத்தில் மன்னிப்பும் கேட்டேன். பதிலே இல்லை. முகம் தெரியாத ஒருத்தி கிணற்றில் எத்தனை படி என்று எழுதாததற்கு நாற்பத்து மூன்று வயதுக்காரி அழுவாளா? அழுதேன். அழுதுவிட்டு, சீ, என்ன பிழைப்பு இது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனேன். கிளம்பும்முன் கிணற்றுப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டேன்; அவர் போட்டிருந்த படத்தில் கடையின் நீலக் கதவு தெரியும். அதை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. சோடா பாட்டில்களை ஐஸ் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான்தாங்க நிர்வாகி" என்றேன்.

"எந்த நிர்வாகி? கோயில்லேர்ந்து வரீங்களா?"

"இல்லக்கா. கிணறெல்லாம் எழுதுவோமே, அந்த விக்கி."

நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "அட! சார்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்! ஏம்மா, இவ்ளோ கோவம் ஆவாதும்மா உனக்கு" என்று சிரித்துவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒரு பன்னீர் சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார்.

அவருடைய போனிலேயே விக்கியைத் திறந்து காட்டினேன். ஒரே தட்டலில் கிணறு வந்தது. அவர் கிணற்றைப் பார்க்கவில்லை. விரலால் பக்கத்தை மளமளவென்று தள்ளி அடிக்குப் போனார். எந்தப் பக்கத்தை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொன்றின் அடியிலும் 'இன்று பார்த்தவர்கள்' என்று ஓர் எண் வரும்படி நான் வைத்திருந்தேன். அவர் பார்த்தது அதைத்தான். இரண்டு என்றிருந்தது.

"இது சரியா காட்டுமாம்மா?"

"காட்டுங்க்கா. ஏன்?"

"எம் புள்ள துபாய்ல இருக்கான்" என்றார். "அவன் கல்யாண விஷயத்துல எங்களுக்குள்ள பேச்சு முத்திப்போச்சு. ரெண்டு வருஷமா போன் எடுக்கிறதில்ல. ஆனா போறதுக்கு முந்தி அவன்தான் இத போன்ல போட்டுக் குடுத்தான். உங்க மொதக் கூட்டத்துக்குக்கூட வந்தானே. கிணத்தப் பத்தி எழுதும்மா, எங்க இருந்தாலும் பாத்துக்கறேன்னான். நான் எழுதற நாளெல்லாம் இதுல ரெண்டுனு காட்டும். ஒண்ணு நானு. இன்னொண்ணு அவன். பேசமாட்டான், வீம்பு. ஆனா பாத்துடுவான்."

"வழியெல்லாம் சரி பண்ணிட்டேனே, அப்புறமும் ஏங்க்கா எழுதல?" என்று கேட்டேன்.

"பயந்தாம்மா. இத்தன நாள் பக்கம் கெடைக்கல. அவனும் தேடிப் பாத்துட்டு விட்டிருப்பான். தெறந்து பாத்து, ஒண்ணுனு காட்டிடுச்சின்னா?"

சோடாவைக் கீழே வைத்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்று நிர்வாகிக்குத் தெரியும். அந்தக் கிணற்றைத் தினமும் பார்த்தது இரண்டு பேர். ஒருவர் அடி அண்ணாமலையில், ஒருவர் வேங்கிக்காலில். துபாயிலிருந்து ஒரு நாளும் யாரும் வந்ததில்லை. உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம். அப்படியானால் அந்த வரிகளில் ஒன்றுகூட எனக்கு இல்லையா என்று நெஞ்சு எரிந்தது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் எங்கோ உறுத்தியிருக்க வேண்டும். "நீதான் இத நடத்துற. நீ உள்ளேர்ந்தே பாத்துக்குவ. உன்ன இது எண்ணாதில்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

தப்பாக ஓர் எழுத்து இருந்தாலும் உடனே திருத்துகிறவள் நான்.

"எண்ணாதுக்கா" என்றேன். "என்னை எண்ணாது."

"அப்ப அவன்தான்" என்று சொல்லி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும், தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் சிக்னல் கிடைக்காமல் மொட்டை மாடியில் நின்றபோதும், அந்தப் பக்கத்தை ஒரு முறை திறந்து மூடிவிடுவேன். ஒரு நாள் நான் மறந்தால் அங்கே ஒரு பிள்ளை மறந்துவிட்டதாக ஆகிவிடும்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே வரி வந்தது. "தண்ணி பரவால்ல. வேளாவேளைக்கு சாப்புடு, ஒடம்பப் பாத்துக்க." அது எனக்கு எழுதியதில்லை என்று தெரியும். என்னிடம் யாரும் அப்படிச் சொல்லி வருஷக்கணக்காகிறது. எழுந்து போய் உலை வைத்தேன்.