சீட்டுக்குத் தராசு பிடித்த கதை

எனக்குத் தெரிந்த சீட்டு வித்தை ஒன்றே ஒன்றுதான். சிவனொளிபாத மலை அடிவாரத்து நல்லதண்ணியில், யாத்திரைக் காலத்துச் சீசன் கடையொன்றில் பாத்திரம் கழுவப் போன காலத்தில் பக்கத்துக் கடைக்காரர் காட்டித் தந்தது. கட்டின் அடிச்சீட்டை முதலில் ரகசியமாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். எதிரில் இருப்பவர் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டின் மேலே வைப்பார். கட்டை வெட்டி மாற்றி வைத்தால் அடிச்சீட்டு அவர் சீட்டின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டால், அடிச்சீட்டுக்கு அடுத்து வருவது அவர் எடுத்தது.

போன தீபாவளிக்கு இதைச் செய்து காட்டப்போய் வெட்கப்பட்டதுதான் மிச்சம். கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகளும் பக்கத்து லயத்து வரிசை வீட்டு ஆட்களும் எங்கள் வாசல் இஸ்தோப்பில் நிறைந்திருந்தார்கள். நான் வாயே திறக்காமல் கட்டைக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். அந்தச் சீட்டு நடுவில் வந்ததும் கை தானாக நின்றுவிட்டது. என் ஓரகத்தி விடுவாளா?

"அக்கா அடிச்சீட்டப் பாத்தாங்க! நான் கண்டுட்டேன். மூஞ்சியப் பாருங்களேன், கோழி திருடுன ஆளு மாதிரி!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அடுத்த தீபாவளிக்கு அவளையே சீட்டு எடுக்க வைத்து, அவளே பிடிக்க முடியாதபடி செய்துவிடுவது என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

கை நிற்பதைப் பழகிப் பழகி மாற்றினேன். எதிராளி எடுத்த சீட்டைத் தாண்டி இன்னும் சிலதைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் சந்தேகம் வராது. ஆனால் பேச்சு? பேசாத ஆளின் கையைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்கோ நாலு பேர் முன்னால் நாக்கு எழும்பாது. யோசித்துப் பார்த்ததில், மனப்பாடமாகத் தெரிந்த பேச்சு ஒன்று இருந்தது. பறித்த தேயிலையை நிறுக்கிற கொழுந்து மடுவத்தில் தராசு பிடிக்கிறவர், எடையில் கழித்துக் கழித்துப் பேசும் பேச்சு. எத்தனை வருஷம் வரிசையில் நின்று கேட்டிருக்கிறேன்! அதையே எடுத்துக்கொண்டேன்.

காம்பராவில் பேசிப் பழகினால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். அதனால் மரக்கறித் தோட்டத்தில் உட்கார்ந்து லீக்ஸ் பாத்திகளுக்குப் பேசிக் காட்டினேன். மழை நாளில் குடையோடு போனேன்.

இந்தத் தீபாவளி மத்தியானம் வந்தவர்கள் சீட்டாடி முடித்ததும், சிதறிக் கிடந்த சீட்டுகளை நானே பொறுக்கி அடுக்கினேன். பொறுக்குகிற கிழவியை யார் பார்க்கிறார்கள்? அடிச்சீட்டு ஆடுத்தன் ஏழு. கட்டை ஓரகத்தியிடம் நீட்டினேன்.

"மறுபடியுமா, அக்கா?"

"எடு புள்ள. ஒன் கைபட்ட சீட்டு கனக்கும். நிறுத்தே கண்டுபிடிக்கிறேன்."

நாக்கு எழும்பியது. பேச்சும் வந்துவிட்டது. அவள் எடுத்துப் பார்த்து மேலே வைத்தாள். அவளையே வெட்டச் சொன்னேன். ஒவ்வொரு சீட்டையும் உள்ளங்கையில் ஏந்தி, தராசுக்காரர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழே போட்டேன்.

"இது முத்தல் எல... இது தண்ணிக்குக் கழிச்சாச்சு... இது சாக்குக் கனம்..."

"சாமி, ஆத்தாவுக்கு வாய் வந்திருச்சு!" என்று பக்கத்து லயத்துத் தம்பி ஒருவன் கத்தினான். மடுவத்து வரிசையில் என்னோடு நின்று பழகிய பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஆடுத்தன் ஏழும் போனது, அடுத்த சீட்டும் போனது. நான் நிற்கவில்லை. இன்னும் சிலதைப் போட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தேன்.

"இல்லையே, பின்னால ஒண்ணு கனத்துச்சே." குவியலுக்குள் கைவிட்டு இஸ்பேட் ராணியை எடுத்து அவள் மடியில் வைத்தேன். "இந்தா, கழிக்காம தர்றேன்."

அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து விரல்களை விரித்துப் பார்த்தாள்.

"அக்கா, இன்னொரு தரம் செய்ங்க. இப்ப நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

எல்லாரும் செய்யச் சொன்னார்கள். இரண்டாம் தரம் செய்தால் பிடித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். கட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"மடுவம் மூடியாச்சு. நாளைக்கு வாங்க."