ஊளையிட்ட சீமைக் கார்

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் எந்த டிராக்டர் பின்பக்கம் ஊளையிட்டாலும் கடைசியில் என் பட்டறைக்குத்தான் வந்தாக வேண்டும். படித்த பிள்ளைகள் நாலு பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஒரு பொம்பளைக்கு இந்த வேலை எப்படிப் பிடிபட்டது என்று கேட்காத ஆள் கிடையாது. சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா பண்ணையில் டிராக்டர் ஓட்டினார். பண்ணையாரின் மகனைச் சின்னய்யா என்போம். அவர் மெட்ராஸிலிருந்து மேல்மூடி இல்லாத, இரண்டே பேர் உட்காரும் சீமைக் கார் ஒன்று கொண்டுவந்திருந்தார். தகரப் பொம்மை மாதிரி லேசான வண்டி. நாலு ஆள் பிடித்தால் பின்பக்கம் எழும்பிவிடும். ஆனால் பின்சக்கரங்களைச் சுழற்றும் டிபரன்ஷியல் பெட்டிக்குள் பல் தேய்ந்துபோயிருந்தது. வாய்க்கால் பாலத்தில் வண்டி ஏறும்போதே அதன் ஊளை எங்கள் தெருவுக்குக் கேட்டுவிடும்.

ஆட்சி மாறி, நில உச்சவரம்பு, கூலி உயர்வு என்று ஊரே சூடேறிக் கிடந்த காலம். சாயங்காலம் பண்ணை ஆட்கள் மூங்கில் தோப்பில் கூலிக்காகக் கூட்டம் போடுவார்கள். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் சின்னய்யா அந்தப் பக்கம் வருவார். கண்ணில் பட்ட ஆளுக்கு மறுநாளிலிருந்து பண்ணையில் வேலை கிடையாது. ஊளை கேட்டதும் எல்லோரும் துண்டை உதறிக்கொண்டு கலைவார்கள். ஒருத்தர் காணாமல் போகாத மாட்டைத் தேடுவார், ஒருத்தர் அவசரம் வந்தவர் போல வரப்போரம் குந்திக்கொள்வார். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை.

நடவு முடிந்து டிராக்டர் சும்மா நின்ற வாரத்தில் சின்னய்யா அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"சத்தமில்லாம ஓடணும். ஓடிச்சுன்னா அந்த ரோட்டோரக் கொட்டகைய எடுத்துக்க. பட்டறை வச்சுப் பொழச்சுக்க."

சொந்தமாக ஒரு பட்டறை என்பது அப்பாவின் வெகுநாள் ஆசை. கூரையில் எந்த இடத்தில் சங்கிலி தொங்கவிடுவது என்பதுவரை யோசித்துவைத்திருந்தார். பண்ணைக் கொட்டகையில் உர மூட்டை அடுக்கியிருந்ததால் வண்டியை மாடு கட்டி எங்கள் வாசலுக்கு இழுத்துவந்தார்கள். அதேபோன்ற இன்னொரு காரிலிருந்து கழற்றிய டிபரன்ஷியல் மெட்ராஸிலிருந்து சாக்கில் கட்டி லாரியில் வந்து இறங்கியது.

எங்கள் உரலையும் சித்தி வீட்டு உரலையும் கவிழ்த்து வண்டிக்கு முட்டுக் கொடுத்தோம். சித்தி தினமும் வந்து நிற்பார்.

"ஏன் மாமா, உரலுதான் போச்சு, இந்தக் காராவது மாவு இடிச்சுக் குடுக்குமா?"

பழசைக் கழற்றுவது ஒரு நாள் வேலை. கஷ்டமெல்லாம் புதுசை மாட்டுவதற்கு முன்னால்தான். பெட்டிக்குள் பெரிய பல்சக்கரமும் சின்னதும் பல்லின் நடுவில் கடிக்க வேண்டும். ஓரத்தில் கடித்தால் ஊளை. எங்கே கடிக்கிறது என்று தெரியப் பல்லில் ஒரு சிவப்புச் சாயம் தடவிச் சுற்றிப் பார்ப்பார்கள். அது எங்கள் ஊரில் ஏது? நான்தான் அம்மாவின் கண்மையை எடுத்துவந்து விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசினேன். அப்பாவுக்கே தோன்றாத யோசனை அது. அவர் பவுடர் டப்பாவை மெல்லிய தகடுகளாக வெட்டி உள்ளே கொடுத்து இறுக்குவார். நான் மை பூசிச் சுற்றுவேன். மை கலைந்த இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடி பிரிப்பார். இப்படிப் பதினோரு தடவை. மூன்றாம் நாள் மத்தியானம் ஒவ்வொரு பல்லிலும் நட்டநடுவில் புளியங்கொட்டை அளவுக்கு மை கலைந்திருந்தது.

"இதான். இனிமே மூச்சு விடாது" என்றார் அப்பா. கொட்டகை எங்களுக்குத்தான் என்று நான் குதித்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா வந்து உட்கார்ந்தார்.

"ஏண்ணே, சத்தம் சுத்தமாப் போயிடுமா?"

"போயிடும்."

"கொஞ்சங்கூட இருக்காதா?"

"இருக்கணுமாடா?"

சித்தப்பா தோப்புப் பக்கம் பார்த்தார். "எங்களுக்கு வேற மணி ஏதுண்ணே?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எங்களுக்குக் கொட்டகை கிடைக்கப்போகிற பொறாமை என்று நினைத்தேன்.

அப்பா பல்லில் இருந்த மையைத் துணியால் துடைத்தார். பிறகு போல்ட்டுகளைத் தளர்த்தி, ஒரு தகட்டை உருவிக்கொண்டு மறுபடி இறுக்கினார்.

"அப்பா, மை?"

"வேணாம்."

"பாக்காம மாட்டுனா ஓரத்துல கடிக்கும்ப்பா."

"எனக்குத் தெரியும். ஸ்பானர எடு."

மறுநாள் சின்னய்யா பாலம்வரை ஓட்டிப்போய்த் திரும்பினார். முன்னைவிட ஒரு சுதி கூடுதலாகவே ஊளையிட்டது.

"டிராக்டர் ஓட்டுறவன்ட்ட இதக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். அறுப்பு முடியட்டும், மெட்ராஸுக்கே அனுப்பிக்கறேன்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, நேத்து நடுவுலதான்..." என்று ஆரம்பித்தேன். அப்பாவின் கை என் உச்சந்தலையில் வந்து அழுத்தியது. கொட்டகையை உர வியாபாரி ஒருவர் எடுத்துக்கொண்டார். அறுப்புவரை தோப்பில் கூட்டம் நடந்தது. ஒரு ஆள்கூடச் சின்னய்யா கண்ணில் படவில்லை.

சின்னய்யா காரை ஓட்டிப் பார்த்த அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் குழம்பு கொதிக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து கெண்டை மீன் குழம்பு வரும், ஒரு வீட்டிலிருந்து நண்டு வறுவல் வரும். சித்தி ஆட்டுக்கால் பாயாவே கொண்டுவந்து வைத்தார். தோற்றுப்போன ஆளுக்கு இரக்கப்பட்டு ஊர் போடுகிற சோறு என்று நினைத்து நான் எதையும் தொடவில்லை. இந்த அப்பாவைவிடப் பெரிய மெக்கானிக்காகிக் காட்டுகிறேன் பார் என்று நீராகாரத்தைக் குடித்துக்கொண்டு சபதம் போட்டேன். ரோஷமே இல்லாத மனுஷன், மீன் முள்ளை நிதானமாக ஒதுக்கிவிட்டு, இன்னும் ரெண்டு கரண்டி ஊற்றச் சொல்லி அம்மாவிடம் தட்டை நீட்டினார்.