சபேட்டோவில் கன்னையாவுக்கு வந்த சாமி

கன்னையா தங்கமான மனுஷர் என்று பிஜித் தீவின் சபேட்டோ பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பொழுது சாய்வதற்கு முன்னால் கேட்டிருந்தால் அவர் மனைவி கம்லாவும் அதையேதான் சொல்லியிருப்பாள். பிறகு குடிப்பதற்குப் பொழுது சாயும்வரை காத்திருக்கும் பொறுமையும் அவருக்கு இல்லாமல் போனது. காலையில் எழுந்ததும் கை நடுங்கும். ஒரு மடக்கு ரம் உள்ளே போனால்தான் நடுக்கம் அடங்கும். அதுவரை அவர் சட்டைக்குக் கம்லாதான் பொத்தான் போட்டுவிடுவாள்.

பிறக்கும்போதே யாரும் குடிகாரனாகப் பிறப்பதில்லை. கரும்பு வெட்டும் மாதங்களில் சாயங்காலம் ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து நங்கோனா வேரைக் கரைத்துக் குடிப்பது அங்கே எல்லா வீட்டிலும் உண்டு. நாக்கு மரத்துப்போகும், பேச்சு மெதுவாகும், தூக்கம் கண்ணைச் சுற்றும். புத்தியுள்ளவர்கள் அதோடு எழுந்து வீட்டுக்குப் போவார்கள். மற்றவர்கள் மரத்துப்போன வாயைக் கழுவுகிறோம் என்று ஒரு பீர் பாட்டிலைத் திறப்பார்கள். அதற்கு வாஷ்டவுன் என்று பேர். கன்னையா வருஷக்கணக்கில் வாயைக் கழுவிக்கொண்டே இருந்தார். பீர் ரம்மாயிற்று. கையில் காசில்லாத நாளில் யாரோ ஈஸ்ட் போட்டு வீட்டில் ஊறவைத்த கண்றாவியும் உள்ளே போயிற்று.

அப்பா காலத்திலிருந்து உழுத குத்தகை நிலம், தவணை முடிந்து பூர்வகுடிச் சொந்தக்காரர்களிடம் திரும்பிப் போனது. அவர்கள்மேல் கன்னையாவுக்குக் கோபம் இல்லை. அது அவர்கள் மண். ஆனால் விடிந்தால் போவதற்கு இடமில்லாமல் ஒரு விவசாயி என்ன செய்வான்? ஏர்போர்ட்டில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. இரண்டாயிரமாவது வருஷம் மே மாதம் தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் புகுந்தார்கள். டூரிஸ்டுகள் வருவது நின்றது, அந்த வேலையும் போனது. அதற்குப் பிறகு அவர் குடித்ததைக் குடி என்று சொல்லக்கூடாது, மூழ்கியது என்றுதான் சொல்ல வேண்டும்.

கம்லாவின் தம்பி ஷாலேஷ் எண்பத்தேழு கலகத்திலேயே ஆக்லாந்துக்குப் போய்விட்டவன். அக்கா, மாமா, அவர்கள் மகள் சஞ்சேஷ்னி மூன்று பேருக்கும் நியூசிலாந்து விசாவுக்குப் பேப்பர் போட்டிருந்தான். போனில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "மெடிக்கல்ல கை நடுங்குனா டாக்டர் பாத்துடுவான் அக்கா. மாமாவ மொதல்ல சரி பண்ணு."

சரி பண்ணு என்று சொல்ல வாய் போதும். கம்லா நாடி டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம் போனாள். அவர் ஒவ்வொரு வாரமும் வரச் சொன்னார், வருகிற ஒவ்வொரு தடவைக்கும் பீஸ். பா டவுன் பக்கத்தில் ஒருவர் கொடுத்த பச்சிலைப் பொடியில் வாந்திதான் மிச்சம். ஆக்லாந்தில் தோட்டமும் படுக்கையுமாக மாதக்கணக்கில் தங்கவைத்துக் குடியை நிறுத்தும் வீடுகள் இருக்கின்றன என்று ஷாலேஷ் சொல்லி, அதற்கு ஆகும் செலவையும் சொன்னான். கம்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவளோடு ஹோட்டல் லாண்டிரியில் துணி மடித்தவள் டோரிஸ். நவுசோரிக்காரி, கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பம். அவள்தான் ஒரு நாள் சொன்னாள்.

"சுவாவுக்குக் கூட்டிட்டுப் போ கம்லா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, ஒரு பைசா கேக்க மாட்டாங்க. எங்க அண்ணன் ராய் அங்கதான் படுத்திருந்தான். திடீர்னு நிறுத்துனா ஒடம்பு தாங்காதாம். மருந்து குடுத்து மெதுவா எறக்குறாங்க."

"எந்த ஆஸ்பத்திரி?"

டோரிஸ் பேரைச் சொன்னாள். கம்லாவின் கையிலிருந்த படுக்கை விரிப்பு பாதி மடிப்பில் நின்றது.

"அது பாகல்கானால்ல? பைத்தியங்களப் பூட்டி வைக்கிற எடம்."

"ஊர்ல அப்படிச் சொல்லுவாங்க. உள்ள போனா ஆஸ்பத்திரிதான்."

வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். கன்னையா கோபப்படவில்லை. "நான் பைத்தியமா கம்லா?" என்று மட்டும் கேட்டார். ஷாலேஷோ போனிலேயே பதறினான். "அந்த ஆஸ்பத்திரில மாமா பேரு ஏறிச்சின்னா விசாவ மறந்துட வேண்டியதுதான்." அது உண்மையா என்று அவனுக்கும் தெரியாது. கேட்டுப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பயத்துக்கு எப்போதும் விவரம் தேவைப்படுவதில்லை.

அப்போதுதான் மாரியம்மன் கோயிலில் தீமிதித் திருவிழா வந்தது. தீ மிதிக்கிறவர்கள் கையில் காப்புக் கட்டிக்கொண்டு பத்து நாள் கோயிலிலேயே தங்குவார்கள். மாமிசம் கிடையாது, மது கிடையாது, வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கக்கூடாது. பத்து நாள் தொடாமல் இருந்தவர் அப்புறம் எதற்குத் தொடப் போகிறார் என்று கம்லா நினைத்தாள். காசில்லாத வைத்தியம். வெட்கப்பட வேண்டியதில்லை. யாரும் பேரை எழுதி வைக்கப் போவதும் இல்லை. சபேட்டோவில் எந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

கன்னையாவும் முழு மனசோடு சம்மதித்தார். ஆற்றில் முங்கி, மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு வந்து பூசாரி வெங்கடசாமி முன்னால் கையை நீட்டினார். கை நின்ற இடத்தில் நிற்கவில்லை. பூசாரி அதைத் தன் முழங்காலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காப்பைக் கட்டினார்.

"இந்த தடவ பாரு கம்லா" என்றார் கன்னையா. அவள் நம்பினாள். அவரும் நம்பினார்.

முதல் நாள் உடம்பு வேர்த்துக் கொட்டியது. மறுநாள் குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. விரதத்துக்கு நல்லதுதான் என்றார்கள். மூன்றாம் நாள் உச்சிப் பூஜையில் மேளம் எழும்பியபோது கன்னையா எழுந்து நின்றார். உச்சந்தலையிலிருந்து பாதம்வரை நடுங்கியது. கண் எங்கேயோ குத்திட்டு நின்றது. மேளக்காரர்கள் அவரைப் பார்த்து அடியை முடுக்கினார்கள். "அம்மா வந்துட்டா" என்று ஒரு குரல் கேட்டது.

அப்புறம் அவர் தமிழ் பேசினார். அதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது. கன்னையா வீட்டிலும் வெளியிலும் பேசுவது ஹிந்தி. பிஜியில் பிள்ளைகள் ஹிந்தி பேசட்டும், கோர்ட்டு இங்கிலீஷ் பேசட்டும், அம்மன் பேசுவது தமிழ்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தமிழ் பேச வராத மனுஷன் மடை திறந்த மாதிரி தமிழ் பேசினால் அது வேறு யாராக இருக்க முடியும்?

"கரும்பு எரியுதுப்பா. மாட்ட அவுத்து உடுப்பா. பூச்சி ஊருது, தட்டி உடுப்பா."

இளசுகளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. வெங்கடசாமி விளக்கம் சொன்னார்: கரும்பு எரிகிறது என்றால் நாடு எரிகிறது. ஜனங்கள் தரையில் விழுந்தார்கள். "என் மகனுக்குக் கனடா கெடைக்குமா தாயே?" என்று ஒரு கிழவி கேட்டாள். இன்னொருத்தி ஆஸ்திரேலியா கேட்டாள். அவர் தன் கையில் இல்லாத பூச்சியைத் தட்டித் தட்டி விட்டார். திருநீறு கொடுக்கிறார் என்று அதற்கும் கையேந்தினார்கள்.

கம்லாவுக்குத் தமிழ் தெரியும். அவர் பேசியது, சின்ன வயசில் தன்னோடு தமிழ் பேசிய, செத்துப்போன அப்பாவிடம் என்பது அவளுக்குப் புரிந்தது. அந்த நடுக்கத்தைத் தினமும் காலையில் பொத்தான் போடும்போது பார்த்தவள் அவள். ஒடம்பு தாங்காதாம் என்று டோரிஸ் சொன்னது நெஞ்சில் இடித்தது. ஓர் அடி முன்னால் வைத்தாள். அவளுக்கும் அவருக்கும் நடுவில் ஊரே குப்புறக் கிடந்தது. இரண்டு வருஷமாக அவர் ராம்ராம் சொன்னால் பதில் சொல்லாமல் திரும்பிக்கொண்ட ஊர். அந்தக் காலடியில் அத்தனை தலைகளைப் பார்த்ததும் அவளுக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று தோன்றியது. ஒருவேளை அம்மனேதானோ, சொல்வதற்கு நான் யார் என்றும் தோன்றியது. கம்லா கை கூப்பித் தரையில் விழுந்து கும்பிட்டாள்.

சாயங்காலம் கன்னையாவுக்கு வலிப்பு வந்தது, நிற்காமல் வந்தது. பூசாரியின் வேனில் லவுட்டோக்கா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனபோது வழியிலேயே போய்விட்டார். எப்போது குடியை நிறுத்தினார் என்று கேட்ட டாக்டர் பெண், பதிலைக் கேட்டுக் கார்டில் எழுதிக்கொண்டாள். "இங்க கொண்டுவந்திருந்தா நாங்களே மருந்து குடுத்து சுவாவுக்கு அனுப்பியிருப்போமே" என்றாள். அதில் குற்றம் சாட்டும் தொனிகூட இல்லை. அதுதான் கம்லாவைக் கொன்றது.

ஊர் வேறு கணக்குப் போட்டது. அம்மன் வந்தாள், பிடித்துப்போய்க் கூடவே அழைத்துக்கொண்டாள். கன்னையாவின் படம் மாலையோடு கோயில் சுவரில் ஏறியது. சஞ்சேஷ்னி மாமாவிடம் போய், அங்கேயே கல்யாணம் கட்டி, பிள்ளைகளுக்குத் தாத்தா சாமியான கதையைச் சொன்னாள். கம்லா போகவில்லை. சபேட்டோவில் பெண்கள் அவள் கையால் குங்குமம் வாங்கினார்கள். அவளும் கொடுத்தாள். உயிரோடு இருந்தபோது அவருக்குக் கிடைக்காத மரியாதை, அதை எடுத்துவிட அவளுக்கு மனசு வரவில்லை.

இரண்டாயிரத்து ஆறு டிசம்பரில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. மறுபடி டூரிஸ்ட் இல்லை. அடுத்த வருஷம் திருவிழாவுக்கு முன்னால் டாக்சிக்கார ஜிதேந்திராவின் மனைவி உர்மிளா வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தாள்.

"அக்கா, இவருக்கும் காப்புக் கட்டலாம்னு இருக்கேன். கன்னையா அண்ணனுக்கு வந்த மாதிரி அம்மா வந்தா குடி போயிடும். நீங்கதான் மொத மஞ்சள் பூசணும்."

"காலைல கை நடுங்குதா?"

"நடுங்குது."

கம்லா தட்டை வாங்கவில்லை.

"அவருக்கு சாமி வரல உர்மிளா. ஒடம்பு ரம் கேட்டு நடுங்குச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கும்பிட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்க அக்கா. எம் பொண்ணு பரிச்சைக்கு அவர் படத்துக்கிட்டதான் வேண்டிக்கிட்டேன்."

"இன்னிக்கே நிறுத்தச் சொல்லாத. நாளைக்குக் காலைல சுவா பஸ்ஸுக்கு அவரக் கூட்டிட்டு வா. நானும் வரேன்."

உர்மிளா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். சாயங்காலத்துக்குள் பேச்சு பள்ளத்தாக்கு முழுவதும் பரவியது. கட்டின புருஷனையும் பெத்த தாயான அம்மனையும் ஒரே வாயால் பொய்யாக்கியவள் என்றார்கள். வெங்கடசாமி படத்தைக் கழற்றி ஆள் மூலம் அனுப்பிவைத்தார். கம்லா அதை வாங்கித் துடைத்துப் படுக்கை அருகில் வைத்துக்கொண்டாள்.

காலையில் உர்மிளா புருஷனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் கம்லாவை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

ஊர் பயந்த அந்த ஆஸ்பத்திரிக்குச் சாதாரண கேட்தான் இருந்தது. உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி. நர்ஸ் ஜிதேந்திராவிடம் பேரைக் கேட்டாள், எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டாள், நாடி பார்த்தாள், தோளில் கை வைத்து உள்ளே அழைத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான். கம்லா அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கன்னையா செத்தபோது, சாமியாகிப் போனவருக்காக அழக்கூடாது என்று அவளைத் தடுத்திருந்தார்கள். இப்போது தடுக்க யாரும் இல்லை. வாய்விட்டு அழுதாள்.