கஷாயக்காரி மறைத்த கட்டி

இருபது வருடமாக இந்தோனேசியாவில் எங்கள் சோலோ நகரத் தெருவில் கூடையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு ஜாமு என்னும் மூலிகைக் கஷாயம் விற்றவள் வாகியெம் அக்கா. மார்பில் கட்டி தட்டுப்பட்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நோயாளி காய்ச்சும் மருந்தை எவள் வாங்குவாள்? நான்கு மாதம் தன் மஞ்சள் கஷாயத்தையே குடித்தாள். கட்டி வளர்ந்தது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள்; புற்றுநோய் என்றார்கள். இதெல்லாம் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

"கட்டிய மட்டும் எடுத்தா அஞ்சு வாரம் தினமும் கதிர்வீச்சு சிகிச்சைக்கு வரணும். முழு மார்பையும் எடுத்தா அநேகமா அது வேண்டியிருக்காது. உயிருக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீங்களே முடிவு பண்ணுங்கம்மா" என்றாராம் டாக்டர். ஐந்து வாரம் அலைந்தால் தெருவுக்கே தெரிந்துவிடுமே! அந்தப் பயத்தில் மார்பையே கொடுத்துவிட்டு, மகள் வீட்டில் இருந்ததாகப் புளுகினாள்.

திரும்பியபோது கூடை இல்லை, தள்ளுவண்டி.

"என்னக்கா, சொகுசு வந்துடுச்சா?"

"வயசாச்சுடி."

நான் கிளாஸை நீட்டிக் குரலைத் தாழ்த்தினேன். "அக்கா, எனக்கு மார்ல ஏதோ கட்டி மாதிரி இருக்கு. பயமா இருக்கு. மஞ்சள் கஷாயம் கெட்டியா ஊத்தேன்."

அவள் புட்டியை மூடினாள். என் கையைப் பிடித்துத் தன் சட்டைமேல், ஒன்றுமில்லாத அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள்.

"நானும் இதத்தான்டி குடிச்சேன்."